இந்த மணல் யாருது?

ஊருக்குத் திரும்பி நாலு மாசம் ஆகிறது. போட்டோ காட்டி முடித்தாகிவிட்டது, தங்கை கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாக்களில் இப்போது கடுகும் சீரகமும் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் மணல் பள்ளத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நைனா கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேலைக்குப் போக எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியைத் திருப்பினால் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள், வலது கைப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கருங்கல், கல்லுக்கு அந்தப் பக்கம் நேராகக் கடல். நடுவில் மணல் என்று ஒன்று கிடையாது. இருபது வருஷமாக இதே சாலையில் போய்வருகிறேன். கடல் என்றால் எங்கள் பக்கம் இப்படித்தான் என்று நினைத்துப் பழகியிருந்தேன். இப்போது அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் நைனாவின் குரல் கேட்கிறது.

தங்கை எடின்பரோவில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. ஜூன் மாதம் நைனாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ஐந்து நாள் காரிலேயே வடக்கே போய்வருவது என்று ஏற்பாடு. ஃபோர்த் கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி ஃபைஃப் கடற்கரை ஓரமாகவே போனோம். நைனா சென்னைத் துறைமுகத்தில் வின்ச் டிரைவராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டை, அரண்மனை எதிலும் அவருக்கு மனசு போகவில்லை. பிட்டன்வீம் என்ற மீன்பிடி ஊரில் வண்டியை நிறுத்தியதும்தான் ஆள் மலர்ந்தார். கரையில் அடுக்கிவைத்திருந்த நண்டுக் கூண்டுகளைத் தூக்கிப் பார்த்தார், கயிற்றின் முறுக்கைத் தடவிப் பார்த்தார், படகு கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்காமலே விரலால் வழி கண்டுபிடித்தார். "காசிமேட்டுலயும் இதே முடிச்சுதான்" என்றார் அம்மாவிடம். பக்கத்து ஊரான ஆன்ஸ்ட்ரத்தரில் ஐந்து பேரும் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரைச் சேர்த்தது மாப்பிள்ளை. அவர் கோல்ஃப் பழக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு அதில் விருப்பமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வளர்ந்த காலத்தில் சென்னையில் கோல்ஃப் என்றால் கிண்டி, இல்லையென்றால் நந்தனம். இரண்டும் மெம்பர்கள் ஆடும் இடம். வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எங்களுக்கு அது பஸ் ஜன்னல் வழியாக வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற பச்சை நிறம், அவ்வளவுதான். கோல்ஃப் பணக்காரர்கள் நிலத்தை வளைத்துப் போடுவதற்கு வைத்திருக்கும் ஒரு சாக்கு என்று நண்பர்களிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் அது முன்பு போல நிம்மதியாக உட்கார்ந்திருக்கவும் இல்லை.

ஒன்பது குழி

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே பொது மைதானங்கள் மட்டும் 6 இருக்கின்றன. அதில் ஓல்டு கோர்ஸ் என்பதுதான் உலகத்து ஆட்டக்காரர்கள் எல்லாம் யாத்திரை மாதிரி வருகிற இடம். வெளியூர்க்காரர் அங்கே ஒரு ஆட்டம் ஆட சீசனில் 300 பவுண்டுக்கு மேல் ஆகும், அதற்கும் முன்கூட்டியே பேர் கொடுத்துச் சீட்டுக் குலுக்கலில் வர வேண்டும். நாங்கள் போனது பால்கோவ் என்ற சின்ன மைதானத்துக்கு. 9 குழி, மொத்த நீளம் ஏறத்தாழ 1,500 கஜம். சின்னப் பிள்ளைகளுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் என்றே வைத்திருக்கிறார்கள். மெம்பரா என்று கேட்கவில்லை, என்ன உடுத்தியிருக்கிறோம் என்று பார்க்கவில்லை. மட்டைகளை வாடகைக்குக் கொடுத்தார்கள். மூன்று பேர் ஆடியதற்கும், மத்தியானம் ஐந்து பேர் மீனும் சிப்ஸும் சாப்பிட்டதற்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான் ஆனது. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேரனும் ஆடிக்கொண்டு போனார்கள். பையனுக்கு எட்டு வயசு இருந்தால் அதிகம். அவன் மட்டை அவன் இடுப்பளவுதான்.

ஓங்கி அடிப்பது எனக்கு வரவில்லை, நைனாவுக்கும் வரவில்லை. ஆனால் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நைனா வேறு ஆளாகிவிட்டார். அந்த இடத்தில் புல்லைப் பாய் மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். பார்க்கச் சமதளம், ஆனால் பந்தை உருட்டிவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வளைந்து போகும். நைனா உடனே மட்டையை எடுக்கமாட்டார். குழிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, தரையோடு தரையாகப் பார்ப்பார். அப்புறம் வந்து மெதுவாக ஒரு தட்டு. பந்து குழியை விட்டு விலகிப்போவது போல ஓடி, மேட்டில் ஏறி, திரும்பி வந்து விழும். மூன்றாவது குழியில் அப்படி விழுந்ததும் மாப்பிள்ளை, "மாமா, எப்படி மாமா?" என்று வாய்விட்டுக் கேட்டார். "பேந்தா ஆடுனவனுக்கு இது தெரியாதா மாப்ள? மணல்ல கோலி உருட்டுனா தரைதான் சொல்லும், எங்க போவணும்னு." அன்றைக்கு மாப்பிள்ளையின் ஒரு வருஷப் பழக்கத்தை நைனாவின் கோலி குண்டு ஆட்டம் ஐந்து குழிகளில் ஜெயித்தது. சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் தங்கையும் வேலி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனாவை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது குழியில் என் பந்து பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு மூன்று தடவை அடித்தும் வெளியே வரவில்லை. மேலே ஏறி நின்றிருந்த நைனா கீழே இறங்கி வந்தார். பந்தைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிடி மணலை அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டார். பள்ளத்தின் விளிம்பில் புல்லின் அடி தெரிந்தது. விரல் அளவுக்குப் புல்லும் வேரும், அதற்குக் கீழே முழுக்க மணல்.

"டேய், இதெல்லாம் கடல் மணலுடா. மேல புல்லு சும்மா தோலு மாதிரி கீது. உள்ள பூரா மணலு."

"ஆமா நைனா, கடல் அதோ பக்கத்துலதானே."

அவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மேடு, பள்ளம், அந்தப் பக்கம் இன்னொரு மைதானம், அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று, ஊரின் கோபுரங்கள். அப்புறம் மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"இந்த மணல் யாருது மாப்ள?"

"ஊரோடது மாமா."

"கிளப்போடதா?"

"இல்ல மாமா. கிளப்புக்கு இங்க ஒரு மைதானமும் சொந்தமில்ல. நிலம் ஊர் ஜனங்களோடது."

நைனா தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மீதி இரண்டு குழியை அவர் ஆடவில்லை. மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்.

முயலும் துணியும்

ராத்திரி தங்கும் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். மாப்பிள்ளை சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் சில நூறு வருஷ வழக்கு இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அரசர் டேவிட் அந்த மணல்வெளியை ஊருக்குக் கொடுத்திருக்கிறார். விவசாயத்துக்கு லாயக்கில்லாத, கடல் பின்வாங்கி விட்டுப்போன மேடு பள்ளம். லிங்க்ஸ் என்று அதற்குப் பேர். ஜனங்கள் அதில் பந்து அடித்து விளையாடினார்கள். 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசர் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தார், காரணம் வாலிபர்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே கிடக்கிறார்களாம். 1552-இல் அந்த ஊர் பேராயர் ஹாமில்டன் ஒரு சாசனம் எழுதினார். மணல்வெளியில் முயல் வளர்த்துக்கொள்ளலாம், ஆனால் கோல்ஃபும் கால்பந்தும் மற்ற விளையாட்டுகளும் ஆட ஜனங்களுக்கு இருக்கும் உரிமைக்குப் பங்கம் வரக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்த உரிமையும் சும்மா நிலைக்கவில்லை. 1797-இல் நகரசபைக்குப் பணமுடை. நிலம் கைமாறி முயல் வளர்க்கும் வியாபாரிகள் கைக்குப் போனது. ஆடும் தரை முழுக்க வளை தோண்டிவிட்டன முயல்கள். ஊர் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், முயலை அடித்தார்கள், சண்டை இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார், அவரும் ஆட்டக்காரர்தான், நிலத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் முயல் தொல்லை ஓய்ந்தது. 1894-இல் பாராளுமன்றச் சட்டம் போட்டு மணல்வெளியை ஊர் திரும்பப் பெற்றது. 1974 முதல் ஒரு அறக்கட்டளை பராமரிக்கிறது. உலகம் முழுக்கப் பேர்போன ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கல் கட்டடம், ஓல்டு கோர்ஸில் முதல் பந்தை அடிக்கும் இடத்துக்குப் பின்னாலேயே கம்பீரமாக நிற்கிறது. முன்னால் விரிந்து கிடக்கும் மைதானம் அதற்குச் சொந்தமில்லை. அவர்களும் மற்றவர்களைப் போல வந்து ஆடிவிட்டுப் போகிறவர்கள்தான்.

என்னை அதிகம் தொட்டது இன்னொரு விஷயம். அந்த மணல்வெளியில்தான் ஊர்ப் பெண்கள் துணி துவைத்து, வெளுத்து, உலர்த்தியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆட்ட விதி ஒன்று இருக்கிறது. பந்து உலரப்போட்ட துணிமேல் விழுந்தால் துணியைக் கீழிருந்து உருவிக்கொள்ளலாம். துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தால் தொட்டியை நகர்த்தலாம். துணி போடாதே என்று விதியில் இல்லை. துணி அங்கே இருக்கும், அதை ஒட்டி நீ ஆடிக்கொள் என்கிறது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. எங்கள் ஊர்ப் பேரே வண்ணாரப்பேட்டை. கம்பெனிக்காரன் கப்பல் ஏற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். வெளுக்கத் தண்ணீர் வேண்டும், விரிக்கத் திறந்த வெளி வேண்டும். இரண்டும் எங்கள் முன்னோர்களிடம் இருந்தது. பேர் மட்டும் மிச்சம். துணி விரித்த தரை எங்கே என்று யாராவது கேட்டால் என்னால் கை நீட்டிக் காட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் தரைக்கு வேண்டும் என்று அந்தக் காலத்து மைதானக் காப்பாளர் டாம் மாரிஸ் சொன்னதாகச் சொல்வார்கள். காலை ஒன்பது மணிக்கு நாங்கள் போனபோது நாய்களோடு நடக்கிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள், சும்மா புல்லில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய புல்வெளியின் குறுக்கே ஒரு பொதுச் சாலை போகிறது. கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்று பேர். ஆட்டம் நடக்கும் நாளிலும் ஜனங்கள் அதன் வழியாகக் கடற்கரைக்கு நடந்து போகலாம், அவர்கள் கடக்கும்வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். அம்மா அந்தச் சாலையை இரண்டு தடவை கடந்து பார்த்தார்.

நைனா ஸ்வில்கன் ஓடைமேல் இருக்கும் சின்னக் கல் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மைதானத்தைத் தாண்டி வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரைக்கு இறங்கினார். அந்த மணல் கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டு கிடக்கிறது. நானும் பக்கத்தில் நடந்தேன். தண்ணீர் ஓரம் போய் நின்றுகொண்டு, ஊரைத் திரும்பிப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

தண்டையார்பேட்டைப் பக்கம் கடலை ஒட்டி அவருடைய தாய்மாமன் வீடு. பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான். வீட்டிலிருந்து தண்ணீருக்குப் போக மணலில் வெகுதூரம் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் ஒரே ஓட்டமாக ஓட முடியாது, கால் வெந்துவிடும். அதனால் தோளில் துண்டோடுதான் கிளம்புவார்கள். கால் சுட்டதும் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நிற்பது, சூடு ஆறியதும் துண்டை உருவிக்கொண்டு மறுபடியும் ஓடுவது. தண்ணீரைத் தொடுவதற்குள் மூன்று தடவை துண்டைப் போட வேண்டியிருக்கும். கால்பந்து, சடுகுடு, கோலி எல்லாம் அந்த மணலில்தான். "மூணு துண்டு தூரம்டா" என்றார். "இப்ப அந்த இடத்துல படகு போவுது."

அதுவரை அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்குக் காரணம் தெரியாதது இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வருஷத்தில் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, தெண்டி என்பார்கள் மீனவர்கள். அது கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே வரும். 1875-இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல்லைக் கொட்டி, 1881 புயலில் உடைந்து, மறுபடியும் கட்டிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் வருகிற மணலைத் தெற்கே நிறுத்திவிட்டன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து விரிந்தது, 1884-இல் அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டி, போகிற மணல் போய்க்கொண்டே இருந்தது, வருகிற மணல் வரவில்லை. கடல் தெருவுக்குள் வந்தது, வீடு போனது, கோயில் போனது. கடைசியில் கரை நெடுக கருங்கல்லைக் கொட்டினார்கள்.

"அந்த ஹார்பர்தான் உன்ன படிக்க வெச்சுது, உன் தங்கச்சிய இங்க அனுப்பிச்சுது. அத்த ஒரு வார்த்த தப்பா சொல்லமாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா மெரினாவுல கீற மணலு நம்முளுதுடா. நம்ம வாசலுக்கு வந்துக்கினு இருந்தது. வழியில நிறுத்திட்டாங்க."

அந்த வாக்கியம்தான் என்னை உலுக்கிவிட்டது. நான் இத்தனை வருஷமாகப் போட்ட வாதம் எல்லாம் விளையாட்டைப் பற்றியது. கோல்ஃப் யாருடையது, கால்பந்து யாருடையது என்று. நைனா விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டது கீழே இருக்கும் தரையை. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சாசனம் இருந்தது, முயல்காரன் வந்தபோது எடுத்து நீட்டக் கோர்ட் இருந்தது. எங்கள் தாத்தாக்களிடமும் அதே மாதிரி கடல் விட்ட மணல் இருந்தது, துணி உலர்த்தவும் வலை உலர்த்தவும் பிள்ளைகள் ஓடவும். அது ஜனங்களுடையது என்று யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் தெண்டி மணலைக் கொண்டுவந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் சுவரைக் கட்டும் முன் ஒரு ஆளாவது எங்கள் பக்கம் வந்து, இதனால் உங்களுக்கு என்ன போகும் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டியிருந்திருக்கும். போன மணலுக்குக் கணக்கு என்று ஒன்று இருந்திருக்கும்.

இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் கடலுக்குள் நீட்டி நீட்டிக் கல் சுவர்கள் போட்டிருக்கிறார்கள், தூண்டில் வளைவு என்று. இரண்டு வளைவுக்கு நடுவே சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்ப வந்து தங்கியிருக்கிறது. படகு ஏற்றுகிறார்கள், வலை காயப்போடுகிறார்கள், மிச்ச இடத்தில் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். ஊருக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நைனாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போகிறேன். பால்கோவில் மாப்பிள்ளை கொடுத்த ஒரு வெள்ளைப் பந்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். போன மாசம் ஒருநாள் ஈர மணலில் குதிகாலால் குழி போட்டு, பையன்களுக்கு உருட்டக் காட்டிக்கொடுத்தார். ஒருத்தன் அவரை மாதிரியே குழிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் அவர் ஒரு வேலை செய்வார். கருங்கல்லில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து அலை நனைக்கும் கோடு வரை ஒரே சீராக நடந்து எண்ணுவார். திரும்பி வந்து என்னிடம் எண்ணைச் சொல்வார், நான் போனில் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் ஆரம்பித்தால் குறையும், பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம் 41 அடி எடுத்து வைத்தார். நேற்று 44.